கியோத்தோவில் ஒரு மணிவிழா விருந்து

யப்பானியர் ஒருவருக்கு அறுபது ஆண்டு நிறைவுறும்போது, வீட்டார் அவருக்குச் செந்நிறத் தொப்பியும் கையில்லாச் செஞ்சட்டையும் அணிவித்து விருந்து செய்வர். கன்ரெக்கி என்பது அவ்விழாவின் பெயர். ஆண்டுக்கணக்குத் தொடங்கிய இடத்துக்கே மீண்டு வருதல் என்பது அதன் பொருள். நம்மவர் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடங்களை ஒரு வட்டமாக எண்ணுவது போலவே, அவர்களும் பத்துக் குறிகளையும் பன்னிரண்டு விலங்குகளையும் இணைத்து அறுபதாண்டு வட்டமொன்றைக் கொண்டுள்ளனர். வட்டம் நிறைந்தவர் மறுபடியும் குழந்தையாகின்றார். குழந்தைக்குரிய நிறம் சிவப்பு.

எமது அத்தான் பிறந்தது 1964ஆம் ஆண்டு, குரோதி வருடத்தில். 2024இல் குரோதி மீண்டும் வந்தது. ஊரிலே கோயிற் கிரியைகளும் மணிவிழாவும் முறைப்படி நிறைவேறின. ஒசாக்கா நகரில் பொறியியலாளனாகப் பணிபுரியும் மருமகனுக்கோ, யப்பானிய முறைப்படியும் தந்தையாருக்கு ஒரு விருந்தளிக்க வேண்டுமென்று ஆசை. நவம்பர் மாதத்தில், மேப்பிள் இலைகள் சிவக்கும் காலத்தில், கியோத்தோவின் பழம்பெரும் விருந்துமனை ஒன்றிலே அதனை நடத்த எண்ணினான். அத்தானும் அக்காவும் நாமும் விமானம் ஏறுவதற்கு மூன்று மாதம் முன்னரே ஏற்பாடு தொடங்கிற்று. அவ்வேற்பாட்டின் கதையையே இங்கு எழுதுகின்றோம்.

கியோத்தோ 794ஆம் ஆண்டு தொடக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யப்பானியப் பேரரசரின் தலைநகராக விளங்கியது. அந்நகரின் உயர்ந்த விருந்துமுறைக்குக் கைசெக்கி என்று பெயர். ஒரே ஒலியுடைய இச்சொல்லை இருவகையாக எழுதுவர். ஒருவகையில் அது கூடியிருந்து உண்ணும் விருந்தைக் குறிக்கும். மற்றொரு வகையில் 'மடியில் வைத்த கல்' என்று பொருள்படும். பசியைத் தணிக்கச் சூடேற்றிய கல்லைத் துறவியர் தம் மேலாடைக்குள் வைத்துக்கொண்டதை அது நினைவூட்டுகின்றது. தேநீர்ச் சடங்கின் பேராசானாகிய சென் நோ ரிக்கியூ (1522–1591) விரும்பிய உணவு, சோற்றுடன் ஒரு சாறும் மூன்று கறியுமே. இன்றோ, அதே பெயரில் ஒன்பது பத்து வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மாலை விருந்துக்கு, பெயர்பெற்ற மனைகளில், ஒருவருக்கு 20,000 யென் கொடுப்பது சாதாரணம். அதன் இருமடங்கைக் கேட்கும் மனைகளும் உள. பட்டினி கிடந்த துறவியின் கல் இவ்வளவு விலையேறியதை எண்ணி நாம் சிறிது நகைத்துக்கொண்டோம்.

இத்தகைய மனைகளில் உணவுப்பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்டுப் பெறும் வழக்கம் இல்லை. அன்றைய பருவத்துக்கு ஏற்றது எதுவென்று சமையற்காரரே தீர்மானிப்பார். பொருள்களைத் தெரிவதும், சாறு வடிப்பதும், கலங்களைத் தேர்வதும் விருந்தினர் வருமுன்னரே முடிந்துவிடும். ஆதலின் விருந்தினர் சொல்ல வேண்டியதனைத்தையும் இடம் பதியும்போதே சொல்லிவிடல் வேண்டும். அங்கே அமர்ந்தபின் 'எனக்கு இது ஆகாது' என்பவர் தமக்கும் துன்பம் தேடி, சமையற்காரருக்கும் தலைகுனிவை உண்டாக்குகின்றார்.

அத்தான் சிவதீட்சை பெற்றவர். முப்பது ஆண்டுகளாக மச்சம் தொடாதவர். மருமகன் முதலில் எழுதிய மனைக்கு, 'மீனும் இறைச்சியும் வேண்டா' என்று தெரிவித்திருந்தான். இயலும் என்று பதில் வந்தது. பின்னர், யப்பானிய நண்பர் ஒருவரின் சொற்கேட்டு, 'சாற்றிலும் மீன் சேரலாகாது' என்று இரண்டாம் முறை எழுதினான். அப்போதுதான் மறுப்பு வந்தது. மிகப் பணிவான மறுப்பு. தம் சமையல் அனைத்தும் அச்சாற்றின்மேல் நிற்பதாகவும், அதனை நீக்கிவிட்டுத் தம் பெயருக்கேற்ற விருந்தை அளிக்க இயலாதென்றும் அவர்கள் தெரிவித்திருந்தனர்.

அச்சாற்றின் பெயர் டாஷி. கொம்பு என்னும் கடற்பாசியை (பெயரைக் கேட்டு மாட்டுக்கொம்பென மயங்கவேண்டா) நீரில் இட்டு மெல்லச் சூடேற்றி, கொதிக்குமுன் எடுத்துவிடுவர். பின்பு அந்நீரில் கட்சுவோபுஷி என்பதன் சீவல்களை இட்டு வடிப்பர். கட்சுவோபுஷி வேறொன்றுமன்று, நம் வீட்டுச் சம்பலில் இடிக்கும் மாசிக்கருவாட்டின் உடன்பிறப்பே. அதே சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்துவர். சிறந்த வகையாயின் அதன்மேல் பூஞ்சணம் படரவிட்டு மறுபடியும் உலர்த்துவர். முடிவில் அது விறகுபோல் இறுகிவிடும். தச்சரின் சீவுளி போன்ற கருவியாற் சீவியே பயன்படுத்துவர். கொம்பிலுள்ள சுவை யாதென்று ஆராய்ந்து, 1908ஆம் ஆண்டில் குளுட்டாமேற்றைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டவர் கிகுனே இக்கெடா என்னும் இரசாயனப் பேராசிரியர். கடற்பாசியும் மாசியும் கூடும்போது அச்சுவை பன்மடங்காகின்றது.

வடித்தபின் சீவல்கள் அகற்றப்படுவதால், கிண்ணத்தில் மீனின் அடையாளமே இராது. தெளிந்த சாறு, அவித்த கிழங்கு, கீரை, தோஃபு, மாவிழைகளின் குழம்பு ஆகிய எல்லாவற்றிலும் அது கரந்து நிற்கும். 'மரக்கறி மட்டும்' என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிவது மரக்கறியாகவே இருக்கும். கொடுப்பவரிடம் வஞ்சகம் இல்லை. உப்பை எவரும் தனியே ஒரு கறியென எண்ணாதது போல, அவர்கள் டாஷியையும் எண்ணுவதில்லை.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் விளக்கிவந்த மருமகன் இடையிலே சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, வேலைக்குச் செல்லும் வழியிலுள்ள கடையில் ஆறு ஆண்டுகளாகத் தான் உண்டுவந்த உடோன் குழம்பும் டாஷியாலானதே என்றும், அது தனக்கு இப்போதுதான் தெரிந்ததென்றும் கூறினான்.

"அப்ப இவ்வளவு நாளும் நீ மச்சம் சாப்பிட்டிருக்கிறாய்" என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை, தொலைபேசியை அத்தானிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குட் சென்றுவிட்டார்.

உறவினர் ஒருவர், 'கேளாமலே விட்டிருந்தால் எல்லாரும் மகிழ்ச்சியாக உண்டிருக்கலாமே. அறியாமல் உண்டாற் குற்றமுண்டோ?' என்றார். அறியாமல் உண்ட மகனை அத்தான் ஒரு சொல்லும் கடிந்திலர். ஆனால், கேட்டால் அறியக்கூடியதைக் கேளாமல் இருப்பது அறியாமையாகாது என்று மட்டும் சொன்னார். எமக்கும் அதுவே சரியெனப் பட்டது. அன்றியும், இயலாது என்று எழுதிய அந்த முதல் மனையார்மேல் மருமகன் கொண்ட சினத்தில் எமக்கு உடன்பாடில்லை. ஆம் என்று கூறிப் பணத்தைப் பெறுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

வழி வேறோரிடத்தில் இருந்தது. யப்பானில் பௌத்த மடங்களுக்குரிய ஷோஜின் சமையல் என்றொன்று உண்டு. ஷோஜின் என்பது வடமொழி 'வீரியம்' என்னும் சொல்லுக்கு அவர்கள் கண்ட மொழிபெயர்ப்பு. தவத்தில் தளரா முயற்சி என்பது கருத்து. சென் துறவியாகிய டோகென் (1200–1253) மடத்துச் சமையற்காரர்க்குரிய நெறிகளை 1237இல் ஒரு நூலாகவே எழுதிவைத்தார். இச்சமையலில் மீனும் இறைச்சியும் மட்டுமன்றி, வெங்காயமும் உள்ளியும் விலக்கு. ஆதலின் நம் வீட்டுச் சைவத்தினும் இது கடுமையானது. சாற்றைக் கொம்பினாலும் உலர்ந்த ஷீட்டாக்கே காளானாலும் ஆக்குவர். இந்நெறி அறிந்த சமையற்காரருள்ள விருந்துமனை ஒன்றை நண்பர் காட்டினார்.

அம்மனையார் உடனே ஆம் என்று சொல்லவில்லை, வினாக்களையே அனுப்பினர். முட்டை ஆகுமா? பால் ஆகுமா? வெங்காயம்? சமையலிற் சேர்க்கும் மிரின் என்னும் இனிப்பு அரிசி மது ஆகுமா? கடைசி வினா எமக்குத் தோன்றியேயிராதது. அத்தான் மது வேண்டா என்றார். அதற்கு ஈடாகச் சர்க்கரை சேர்ப்பதாகப் பதில் வந்தது. ஐவருக்கும் ஒரே உணவா என்பது மற்றொரு வினா. பிள்ளைகளுக்கு மீன் ஆசை உண்டு. அதனை வேறொரு பகலுணவில் தீர்த்துக்கொள்க என்று சொல்லி, அன்றிரவு எல்லாருக்கும் சைவமே என்று முடிவு செய்தோம்.

செல்ல விரும்புவோர்க்குப் பயன்படும் சில செய்திகளையும் சொல்லிவிடுகின்றோம். கியோத்தோவின் பழைய மனைகள் சில முன்பின் அறியாதவரை ஏற்பதில்லை. தெரிந்தவர் ஒருவரோ, தங்கும் விடுதியாரோ அறிமுகஞ் செய்தல் வேண்டும். இடம் பதிந்தபின் கடைசி வேளையில் வராதொழிந்தால் முழுத்தொகையையும் கேட்கும் மனைகள் பல. விலையுடன் பத்து வீத வரியும் சேவைக் கட்டணமும் சேரும். கையிற் கொடுக்கும் இனாம் வழக்கமில்லை. வாசனைத் தைலம் பூசிச் செல்லலாகாது. உணவின் நறுமணத்தை அது கெடுக்கும். காலணியை வாயிலிற் களைய வேண்டியிருப்பதால் கிழியாத காலுறையும் வேண்டும். பாய்மேல் இருந்து உண்பது நம்மவருக்குப் புதிதன்று. எனினும் முழங்கால் நோவுடையோர் முன்னரே சொன்னால், கால் தொங்கவிடும் குழியுள்ள அறை கிடைக்கக் கூடும்.

அன்று மாலை, சித்திரச் சுருளும் ஒற்றை மலரும் வைத்த மாடத்துக்கு முதுகு காட்டி அத்தானை இருத்தினர்; தலைமை விருந்தினரின் இடம் அதுவே. மங்கல நாளில் தாய் என்னும் மீனைத் தலைவாலுடன் சுட்டு வைப்பது அந்நாட்டு வழக்கம். 'மெதெத்தாய்' என்றால் மங்கலமானது என்று பொருளாதலின், பெயர்ப் பொருத்தம் கருதியது. எமக்கு அம்மீன் இல்லை. பச்சை மீன் வரவேண்டிய முறையில், சோயாப் பாலைக் காய்ச்சி மேலே படியும் ஆடையை எடுத்துச் சுருட்டிய யூபா வந்தது. எள்ளை அரைத்துக் கூசுக் கிழங்கு மாவுடன் கிண்டிய எள்ளுத் தோஃபு வாயில் வெண்ணெய்போற் கரைந்தது. சாற்றுக் கிண்ணத்தின் மூடி இறுகியிருந்தது; பரிமாறிய அம்மையார் கிண்ணத்தின் விளிம்பை மெல்ல அழுத்தித் திறக்கக் காட்டித் தந்தார். யூசு என்னும் எலுமிச்சை இனத்துப் பழத்தோலின் மணம் எழுந்தது. மருமகன் தன் கிண்ணத்தைத் தொடாமல் தந்தையாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் ஒரு வாய் அருந்தி, "நீயும் குடி" என்றார்.

கடைசியிற் சோறு. அன்று வந்தது செக்கிஹான்; அசுக்கி என்னும் சிறு செம்பயற்றுடன் ஒட்டரிசியை அவித்த செஞ்சோறு, மங்கல நாளுக்கென்றே ஆக்குவது. அதன்மேல் உப்புடன் கருஎள் தூவியிருந்தது. அக்கா அதைக் கண்டு திகைத்தார். மணிவிழா நாளில் எள்ளா? நம்மிடையே பிதிர்க்கடனுக்கு இறைப்பதன்றோ அது? எல்லா வினாவும் கேட்ட சமையற்காரரும், எல்லாவற்றையும் எழுதிய நாமும் இதனை நினைத்திலோம். அங்கோ, எள் தூவாத செக்கிஹான் குறையுடையது. அவர்கள் அஞ்சுவது சோற்றிலே குச்சியை நட்டுவைப்பதற்கு, அஃது இறந்தோர்க்குப் படைக்கும் முறையாதலால்.

அக்கா எள் படாத ஓரமாகப் பார்த்துச் சிறிது உண்டார். செஞ்சட்டையும் தொப்பியும் அணிந்திருந்த அத்தானோ கிண்ணத்தை வெறுமையாக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கும்படி மகனிடம் சொன்னார்.