அகிலும் குங்கிலியமும்

திருச்சிற்றம்பலம்

மெய்யன்பர்களே,

திருக்கடவூரிற் குங்கிலியத் திருத்தொண்டு புரிந்த கலயனார் வரலாற்றை நேற்றைய நாள் விரித்துரைத்து முடித்தபோது, அன்பர் ஒருவர் அணுகி, “சுவாமி, குங்கிலியமும் அகிலும் ஆகிய இரண்டும் தூபத்திற்கு உரியனவே. ஒன்று எளிதிற் கிடைக்க, மற்றொன்று பொன்னைப் போல் அரிதாயிருப்பது ஏன்?” என வினவினார். நல்ல வினா. அதற்கு விடை காண்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இறைவனுக்குச் செய்யும் பதினாறு உபசாரங்களுள் தூபம் ஒன்று. அதற்குரிய அகில் தமிழருக்குப் புதியதன்று. குடமலையிற் பிறந்த அகில் புகாருக்கு வந்ததைப் பட்டினப்பாலை கூறும். கீழ்த்திசைக் காற்றில் மரக்கலங்கள் அகில் கொணர்ந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். ஆறுகள் அகிலையும் சந்தனத்தையும் உருட்டி வருவதைத் தேவாரத்திற் பல பதிகங்களிற் காணலாம். ஆயினும் அகில் என்னும் ஒரு பெயர் பல மரங்களுக்கு வழங்கிற்று. மேற்கு மலைத்தொடரில் வெள்ளகில் எனப்படுவது வேறினம். உலகெங்கும் நறுமணத் தைலம் வடிப்போர் நாடுகின்ற அகிலோ அசாம் முதலிய கீழைநாடுகளின் காடுகளுக்கு உரியது. தாவர நூலார் அதனை அக்குலேரியா என்பர். அரபு நாட்டார் ஊது என்பர்.

இம்மரத்தின் இயல்பு வியக்கத்தக்கது. நோயின்றி வளர்ந்த அகில் மரத்திற்கு மணமில்லை. அதன் கட்டை வெளுத்து, மென்மையாய், எடையற்று இருக்கும். புழு துளைத்தோ, கிளை முறிந்தோ காயம் உண்டாகி, அதன்வழி ஒருவகைப் பூஞ்சை உட்புகுமாயின், மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒரு பிசினைச் சுரக்கிறது. அப்பிசின் ஆண்டுக்கணக்கில் ஊறிய பகுதியே கருமையும் கனமும் மணமும் பெறுகிறது. வடமொழியில் அகுரு என்பதற்குக் கனமில்லாதது எனப் பொருள் கூறுவர். சீனரோ நீரில் மூழ்கும் நறுமணம் எனப் பெயரிட்டனர். நலமுற்ற கட்டை மிதக்கும். பிசின் நிறைந்த உயர்தரக் கட்டை மூழ்கும்.

அசாமில் ஓஜாய் என்னும் ஊர் அகில் வாணிகத்திற்குப் பேர்பெற்றது. கட்டையைச் சிறு சில்லுகளாக்கி, நெடுநாள் நீரில் ஊறவைத்து, வாலையிலிட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்துத் தைலம் வடிப்பர். மிகுந்த கட்டைக்குக் கிடைக்கும் தைலம் மிகச் சிறிதே. அவ்வசாமிலேயே இம்மரத்தின் பட்டையைப் பதப்படுத்தி ஏடாக்கி நூல் எழுதினர். காமரூப வேந்தன் பாஸ்கரவர்மன் ஹர்ஷனுக்கு அனுப்பிய காணிக்கைகளுள் அகிற்பட்டை ஏடுகளும் இருந்தன எனப் பாணர் இயற்றிய ஹர்ஷசரிதம் கூறுகிறது. அது 7ஆம் நூற்றாண்டு. நம் ஆளுடைய பிள்ளையார் திருவவதாரம் செய்த நூற்றாண்டு.

இனி, அருமைக்குக் காரணம் காண்போம். குங்கிலியம் மரப்பட்டையைக் கீற வடிவது. அளவறிந்து கீறின் மரம் நிற்கும். அடுத்த ஆண்டும் தரும். அகிலின் பிசினோ கட்டையின் உள்ளே உறைவது. வெட்டினாலன்றிக் கைக்கு வாராது. அது எம்மரத்தில் உண்டென்பதும் புறத்தே எளிதிற் புலப்படாது. ஆகலின், பேராசை கொண்டோர் காயமுற்ற மரத்தைத் தேடிக் காயமுறாத மரங்களையும் வீழ்த்தினர். காடு வெறிதாயிற்று. 1995ஆம் ஆண்டில் இவ்வினத்துள் முதன்மையான மரத்தின் வாணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுள் வந்தது. 2004ஆம் ஆண்டில் ஏனைய அகில் இனங்களையும் அதனுள் அடக்க முடிவு செய்தனர். 2018ஆம் ஆண்டில் அம்முதன்மை மரம் அழிவின் விளிம்பில் உள்ளதென அறிஞர் வகுத்தனர். அசாமிலும் திரிபுராவிலும் குடியானவர் தம் தோட்டங்களில் நட்டு வளர்ப்பதே இன்று ஆறுதல்.

அன்பர்களே, இதனுள் இரண்டு பாடங்கள் உள. காயமுற்ற மரம் அக்காயத்தையே மணமாக்கிக் கொள்கிறது. நாவுக்கரசர் பெருமானுக்குச் சூலைநோய் வாயிலாகவன்றோ திருப்பதிகம் பிறந்தது! துன்பம் வந்துழி அகில் மரத்தை எண்ணுக. இது முதற் பாடம்.

மற்றொன்று, தொண்டின் வழியைப் பற்றியது. கலயனார் வறுமையுற்ற காலத்தில், மனைவியார் நெல் வாங்கத் தந்த திருத்தாலியையே கொடுத்துக் குங்கிலியம் வாங்கித் திருக்கோயிற் பண்டாரத்திற் சேர்த்தார். தமக்குரியதைக் கொடுத்தாரேயன்றிப் பிறிதோர் உயிரைக் கெடுத்தாரில்லை. பொருளின் அருமையால் வழிபாடு உயர்வதன்று. கொடுப்போன் அன்பினால் உயர்வது. ஒரு காட்டை அழித்துக் கொணர்ந்த அகிலினும், அன்பினால் இட்ட ஒரு பிடி குங்கிலியம் பெரிது. அகிலே இடவேண்டும் என்னும் விருப்பமுடையோர், நட்டு வளர்த்த மரத்தினின்று முறையாக வந்ததோ எனக் கேட்டறிந்து வாங்குக, சிறிதே இடுக. அகில் எனப் பெயரிட்டு விற்கும் செயற்கை மணத்தை அகிலென்று மயங்கற்க.

இவ்விழா நாட்களில் தூபம் எழும்போதெல்லாம், மணம் தந்த மரத்தையும் ஒருகணம் நினைந்து வணங்குவோமாக.

திருச்சிற்றம்பலம்