உருவம் கேட்கும் வினைச்சொல்

அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களின் மொழியில் ‘அதை அவரிடம் கொடு’ என்று பொதுப்படையாகச் சொல்லிவிட முடியாது. கொடுக்க வேண்டிய பொருள் எப்படிப்பட்டது என்பதையும் வினைச்சொல்லே சொல்லியாக வேண்டும். பூனைக்குட்டியைக் கொடுக்கச் சொன்னால் ‘ஹிகாசி’. கைத்தடியைக் கொடுக்கச் சொன்னால் ‘ஹிதிசி’. சட்டைபோல் துவளும் பொருளுக்கு ஒரு வடிவம், தண்ணீருக்கு ஒன்று, கல், பந்து போன்று திரண்டவற்றுக்கு இன்னொன்று. கொடுப்பது, எடுப்பது என்று பொருளைக் கையாளும் வினைகள் பலவும் இப்படித்தான் ஐந்தாகப் பிரிகின்றன. பொருளின் பெயரைச் சொல்லாவிட்டாலும், நீட்ட வேண்டியது தடியா துணியா என்பது வினையிலேயே விளங்கிவிடும்.

இறந்த காலம் இன்னும் கண்டிப்பானது. மழையில் நனைந்தவர் ‘பெய்தது’ என்பதற்கு ஒரு விகுதி போடுவார். காலையில் ஈர மண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் வேறு விகுதி போட வேண்டும். நேரில் கண்டதா, ஊகமா என்று வக்கீல் குறுக்கு விசாரணையில் துருவிக் கேட்பதை இங்கே இலக்கணமே கேட்டுவிடுகிறது. எனக்கு இந்த மொழிமேல் தீராத வியப்பு இதனால்தான்.

இதற்கு எழுத்து தந்தவர் செக்வோயா. எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளிக் கொல்லர். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1821 வாக்கில், அசைக்கு ஓர் எழுத்தாக முறையை முடித்தார். இன்று புழங்குபவை 85. இந்த முறையை முதலில் கற்றவள் அவருடைய சின்ன மகள் அயோக்கா. பெரியவர்கள் நம்பவில்லை. மகளைக் காதுக்கெட்டாத தொலைவுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் சொன்னதை எழுதி, அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1828-இல் அந்த எழுத்தில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ செய்தித்தாளே வந்துவிட்டது.

1838–39-இல் அமெரிக்க அரசு செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து மேற்கே விரட்டியது. வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். மொழி அதையும் தாங்கியது. அதன் வேரை அறுத்தவை, தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்த விடுதிப் பள்ளிகள். அடி வாங்கியவர்கள் தம் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினார்கள். 2019-இல் மூன்று செரோக்கிப் பழங்குடி நிர்வாகங்களும் கூடி மொழிக்கு நெருக்கடி நிலை அறிவித்தன. அப்போது சரளமாகப் பேசியோர் ஏறத்தாழ 2,000 பேர், பெரும்பாலோர் முதியவர்கள்.

ஓக்லஹோமாவின் டாலெக்வா நகரில் இப்போது பெரியவர்களுக்குச் சம்பளம் கொடுத்து மொழி கற்பிக்கிறார்கள்: வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டு, தாய்மொழியாகப் பேசும் மூத்தவர்களோடு. நியாயமான செலவு. ஐந்து வடிவங்களையும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். கை நீளும் அந்த நொடியில் சரியான வடிவம் தானாக வாயில் வர, அந்த மூத்தவர்கள் பக்கத்தில் இருந்து பேசிப் பழகத்தான் வேண்டும்.