சொட்டுவது ஷவரில்... கோளாறு எங்கே? குழாய் ரிப்பேரில் கை வைக்கும் முன் ஒரு நிமிடம்!

இரவு பதினொரு மணி. டி.வி-யை அணைத்தாயிற்று, ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்போதுதான் அது கேட்கும். 'டொக்... டொக்... டொக்...'

எழுந்து போய் ஷவர் குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடிவிட்டு வந்து படுத்தால், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் 'டொக்.' பக்கத்தில் படுத்திருப்பவர், "ஏங்க, நாளைக்காவது பிளம்பரைக் கூப்பிடுங்க" என்பார். "இதுக்குப் போய் பிளம்பரா? ஒரு வாஷர் மாத்தினா முடிஞ்சது. நானே பாத்துக்கிறேன்" என்று பதில் வரும்.

பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பாழாவது இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கிறது. மறுநாள் மதியத்துக்குள் பாத்ரூம் தரையில் நான்கு ஸ்பேனர்கள், வாளியில் தண்ணீர் இல்லை, மாடி வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், ஷவர் மட்டும் அதே தாளத்தில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

வாஷர் மாற்றுவது உண்மையிலேயே பத்து நிமிட வேலைதான். யூடியூபில் காட்டுவதும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான். அதற்கு முன்னால் இருக்கும் மூன்று மணி நேரத்தை யாரும் காட்டுவதில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் என்னவெல்லாம் நடக்கும், எதைத் தவிர்க்கலாம் என்று பார்ப்போம்.

ஒரு மக் வைத்துப் பாருங்கள்

முதல் கேள்வி, உண்மையிலேயே ஒழுகுகிறதா என்பதுதான். குளித்து முடித்துக் குழாயை மூடிய பிறகும், ஷவர் தலையிலும் அதற்குப் போகும் பைப்பிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். அது சில நிமிடங்களுக்குச் சொட்டிவிட்டு நின்றுவிடும். இது கோளாறு இல்லை.

இரவு குழாயை மூடி அரை மணி நேரம் கழித்து, ஷவருக்கு நேர் கீழே ஒரு காலி மக் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மக் காலியாகவே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். தண்ணீர் சேர்ந்திருந்தால் வேலை இருக்கிறது.

அந்த மக்கில் ஒரு லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 லிட்டர். மாதத்துக்கு 720 லிட்டர். ஒரு வருடத்துக்கு 8,760 லிட்டர். ஏறக்குறைய 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை அப்படியே சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம். பாதாளச் சாக்கடை வசதி உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் அளவுகோல். இந்த ஒரு ஷவர், ஆறே நாளில் ஓர் ஆளின் ஒரு நாள் பங்கைக் குடித்துவிடுகிறது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நாள்களில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஷவரை மாற்றினால் சரியாகிவிடுமா?

இதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம். தண்ணீர் ஷவர் தலையிலிருந்து சொட்டுகிறது. எனவே கோளாறும் அங்கேதான் என்று நினைத்து, புதிதாக ஒரு ஷவர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அன்று இரவு, புது ஷவரும் சொட்டுகிறது.

ஷவர் தலை வெறும் சல்லடைதான். தண்ணீரை நிறுத்துவது அதன் வேலை இல்லை. நிறுத்த வேண்டியது, கீழே நீங்கள் திருகும் குழாய். மூடிய பிறகும் மேலே சொட்டினால், கீழே உள்ள குழாய் முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். ஷவர் தலை சுவரிலிருந்து வரும் பைப்போடு சேரும் இடத்தில், குளிக்கும்போது மட்டும் தண்ணீர் பீய்ச்சியடித்தால், அது வேறு பிரச்னை. அதற்கு டெஃப்லான் டேப் போதும்.

சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் என்று இரண்டு திருகு உள்ள மிக்ஸராக இருந்தால் இன்னொரு குழப்பம். எந்தப் பக்கம் ஒழுகுகிறது? கீசர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். சற்று நேரத்தில் சொட்டுவது நின்றால், கோளாறு சுடுதண்ணீர்ப் பக்கம். நிற்காவிட்டால் பச்சைத்தண்ணீர்ப் பக்கம். இதைப் பார்க்காமல் நல்ல பக்கத்தைப் பிரித்துப்போட்டு, பிறகு இரண்டையும் மாற்றியவர்கள் உண்டு.

தண்ணீரை நிறுத்துவதுதான் பாதி வேலை

வாஷ்பேசினுக்கும் கீசருக்கும் தனித்தனியாக ஆங்கிள் காக் இருக்கும். ஷவருக்குப் பல வீடுகளில் இருக்காது. ஆக, மொட்டை மாடிக்குப் போய் டேங்கின் கேட் வால்வை மூட வேண்டும்.

அங்கே போனால் நான்கு வால்வுகள் இருக்கும். எது யாருக்கு என்று எழுதியிருக்காது. பழைய அடுக்குமாடிகளில் மேலிருந்து இறங்கும் ஒரே பைப்பில்தான் எல்லா மாடிகளின் பாத்ரூமும் இருக்கும். நீங்கள் மூடினால் தலையில் ஷாம்பு போட்டுக்கொண்டு நிற்பவர் மேல் வீட்டில் இருக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு மூடினால் நட்பு மிஞ்சும்.

வருடக்கணக்கில் திருகாத வால்வு இறுகிக் கிடக்கும். அதை ஸ்பேனர் வைத்து முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். உள்ளே முறிந்தால் ஷவரை விட்டுவிட்டு வால்வுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். கையால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். அப்படியும் அசையவில்லை என்றால், பிளம்பரைக் கூப்பிடும் நேரம் அதுதான்.

வால்வை மூடிய பிறகு பாத்ரூமில் தாழ்வாக உள்ள குழாயைத் திறந்து, பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு வாளியில் முன்பே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் முடியும் வரை கை கழுவக்கூட வேறு வழியில்லை.

பிரிக்கும்போது பொறுமை

திருகின் தலையில் சிவப்பு அல்லது நீல நிறத்தில் சின்ன மூடி இருக்கும். அதைக் கிளப்பினால் ஒரு ஸ்க்ரூ தெரியும். கழற்றும் முன் பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை ஒரு துணியால் மூடிவிடுங்கள். கையிலிருந்து நழுவும் ஸ்க்ரூ நேராகப் போவது அங்கேதான்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் அடுத்த சோதனை. உப்பு படிந்து, கைப்பிடி ஸ்பின்டிலோடு ஒட்டிப்போயிருக்கும். சுத்தியலால் தட்டாமல், வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். வெள்ளையாகப் படிந்த உப்பு இளகும்.

பிறகு ஸ்பின்டிலைக் கழற்ற வேண்டும். பல சுற்று திருகி மூடும் பழைய வகைக் குழாய் என்றால், முதலில் அதைப் பாதி திறந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கழற்றுங்கள். ஸ்பேனரின் வாயில் துணி சுற்றிக்கொண்டால் குரோம் பூச்சு கீறாது. ஒரு கையால் குழாயின் உடலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகுவது முக்கியம். இல்லாவிட்டால் ஸ்பின்டிலுக்குப் பதிலாக மொத்தக் குழாயும் சுவருக்குள் சேர்ந்து திரும்பும். பழைய இரும்பு பைப்பாக இருந்தால் துருப்பிடித்த மரை உள்ளேயே உடைந்துவிடலாம். அதன் பிறகு டைல்ஸை உடைக்காமல் வேலை முடியாது.

'பழசைக் கொண்டு வந்தீங்களா?'

கழற்றியாயிற்று. கடைக்குப் போய், "அண்ணே, ஷவர் குழாய்க்கு ஒரு வாஷர் குடுங்க" என்றால், கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பழசைக் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான்.

அதில் நியாயம் இருக்கிறது. பல சுற்று திருகும் பழைய குழாயில், ஸ்பின்டிலின் அடியில் ஒரு வாஷர் இருக்கும். அது தேய்ந்தாலோ வெட்டுப்பட்டாலோ தண்ணீர் கசியும். வாஷர் சில ரூபாய்தான். ஆனால், கால் சுற்றில் மூடும் இன்றைய குழாய்களில் அந்த வாஷரே கிடையாது. உள்ளே இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று சுழன்று தண்ணீரை அடைக்கும். டேங்க் அடியிலிருந்து வரும் மணல் துகள் அந்தத் தட்டில் கோடு போட்டுவிட்டால், முழு ஸ்பின்டிலையும் மாற்ற வேண்டும்.

அந்த ஸ்பின்டிலோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நீளம் மாறும். கைப்பிடி உட்காரும் தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கை மாறும். திறக்கும் திசைகூட இடம், வலம் என்று மாறலாம். போனில் எடுத்த படம் மட்டும் போதாது. கழற்றியதைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் இரண்டு நடையை மிச்சப்படுத்தும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மூடியிருந்தால் அன்று முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதால், இந்த வேலையைச் சனிக்கிழமை காலையில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

புதுசு போட்ட பிறகும் ஒழுகினால்?

மாட்டும் முன் குழாயின் உட்புறத்தை, வாஷர் உட்காரும் வட்டத்தை, துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். அது வழவழப்பாக இருக்க வேண்டும். அங்கே பள்ளமோ அரிப்போ இருந்தால் எத்தனை புது வாஷர் போட்டாலும் ஒழுகும். குழாயையே மாற்றுவதுதான் வழி.

ஷவர் தலையைக் கழற்றி மாட்டுகிறீர்கள் என்றால் டெஃப்லான் டேப்பின் திசை முக்கியம். பைப்பின் மரை உங்களைப் பார்த்தபடி இருக்கும்போது, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால், ஷவரைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

மேலே வால்வைத் திறக்கும்போது மெதுவாகத் திறங்கள். மூட்டில் கசிகிறதா என்று ஒருவர் கீழே நின்று பார்ப்பது நல்லது.

எங்கே கையை எடுக்க வேண்டும்?

குழாயின் உடல் சுவருக்குள் புதைந்திருந்து, அதைச் சுற்றிய டைல்ஸ் இடுக்கில் ஈரம் வந்தாலோ, சுவரின் மறுபக்கம் பெயின்ட் உப்பியிருந்தாலோ, கீழ் வீட்டு சீலிங்கில் கறை தெரிந்தாலோ, அது வாஷர் வேலை இல்லை. சுவருக்குள் கசிகிறது. அங்கே ஸ்பேனரை எடுக்காமல் பிளம்பரை அழைப்பதுதான் சிக்கனம். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு பிளம்பர் கேட்கும் கூலி அதிகமாகத் தோன்றலாம். வாஷரின் விலை அதில் மிகக் குறைவு. எந்தத் திருகு எப்போது உடையும் என்று கைக்குத் தெரிந்திருப்பதற்கான கூலி அது.

நீங்களே செய்து முடித்தவர் என்றால், இன்னும் இரண்டு சின்ன வேலைகள் பாக்கி. மாடியில் எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை அதைத் திருகி மூடித் திறந்துவிடுங்கள், அடுத்த முறை இறுகியிருக்காது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். "நல்லா இறுக்கி மூடு" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லித்தான் பாதி வாஷர்கள் வெட்டுப்படுகின்றன. தண்ணீர் நின்ற இடத்தில் திருகுவதையும் நிறுத்திவிடலாம்.

அன்றிரவு படுக்கும் முன் அதே மக்கை ஷவருக்குக் கீழே வையுங்கள். காலையில் அது காய்ந்து கிடந்தால், உங்கள் ஞாயிற்றுக்கிழமை வீண்போகவில்லை.