பெட்டியின் முகப்பில் ஓர் எண்

வீட்டு வைஃபை ரூட்டரை மாற்ற நினைப்பவர்கள் கடையில் முதலில் ஒப்பிடுவது, பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் என்றாலும், எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பதில் அந்த எண்ணுக்கு உள்ள பங்கு மிகச் சிறியது. ‘ஏசி1200’ என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் நொடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் 867 மெகாபிட் என்ற இரு உச்ச வரம்புகளைக் கூட்டி, வந்த 1167ஐ 1200 ஆக்கிய கணக்கு. இத்தகைய ரூட்டருடன் ஒரு கைபேசி ஒரு நேரத்தில் ஒரு கற்றையில் மட்டுமே இணையும் என்பதால், இந்தக் கூட்டுத்தொகை எந்தக் கருவிக்கும் கிடைப்பதில்லை.

பார்க்க வேண்டிய வரி பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. இணையக் கேபிளைச் செருகும் ‘வான் போர்ட்’ 10/100 எனக் குறிக்கப்பட்டிருந்தால், 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டும் வீட்டிலும் 100க்கு மேல் உள்ளே வராது. விலை மலிவான ஏசி1200 ரூட்டர்கள் பலவற்றின் நிலை இதுதான். 10/100/1000 என்றிருப்பதே கிகாபிட் போர்ட். கேபிளின் எட்டுக் கம்பிகளும் முனையில் சரியாகப் பதிந்தால்தான் அந்த வேகம் நிற்கும். இல்லையேல் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிட, பழி ரூட்டர்மேல் விழும்.

ஆகவே பணத்தைச் செலவழிக்கும் முன், ஃபைபர் வந்து முடியும் ‘ஓஎன்டி’ என்ற பெட்டியில் மடிக்கணினியைக் கேபிள் வழியாக நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பார்ப்பது நல்லது. அங்கேயே வேகம் குறைந்தால் குறை வைஃபையில் இல்லை. இந்திய வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பெட்டியே ரூட்டராகவும் வேலை செய்வதால், அதன் பின்னால் இன்னொரு ரூட்டரை மாட்டும்போது, வீட்டுக் கருவிகளின் உள்முகவரிகளை வெளியுலகுக்கான ஒரே முகவரியாக மாற்றும் ‘நாட்’ என்ற பணி இரு முறை நடக்கிறது. இணையத்தில் உலாவ இதனால் கெடுதல் இல்லை. இணைய விளையாட்டிலும், வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பதிலும் சிக்கல் வரலாம். ஓஎன்டியை வெறும் பாலமாக்கும் ‘பிரிட்ஜ் மோட்’ இதற்குத் தீர்வு என்பதால், அதற்குத் தேவையான பயனர்பெயர், கடவுச்சொல், சில இணைப்புகளில் விலான் எண் ஆகியவற்றை இணைப்பு தருபவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுவர்கள் ரூட்டரின் விலையைப் பொருட்படுத்துவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் வேகம் மிகுந்தவை, ஆனால் செங்கல் சுவரிலும் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்திலும் விரைவில் வலுவிழப்பவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் இன்னும் சற்றுத் தூரம் போகும். ஆனால் அந்த இடத்தில் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் நெருக்கியடிக்க, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றுதான். ஆறு ஆன்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ரூட்டரை வாங்கியும் மாடியறையில் படம் நின்று நின்று ஓடுவதற்கு ஒரு காரணம், இது இருவழிப் பேச்சு என்பதே: ரூட்டரின் குரல் கைபேசிக்கு எட்டினால் போதாது, சிறிய பேட்டரியில் இயங்கும் கைபேசியின் மறுமொழியும் ரூட்டருக்கு எட்ட வேண்டும். மாடி வீட்டுக்கு, விலையுயர்ந்த ஒற்றை ரூட்டரைவிடக் கீழே ஒன்று, மேலே ஒன்று எனக் கேபிளால் இணைத்த இரண்டு நடுத்தரக் கருவிகளே மேல். ‘மெஷ்’ என விற்கப்படுபவையும் கேபிள் கிடைத்தால்தான் முழுப் பலன் தரும்.

தலைமுறையைப் பொறுத்தவரை, ஒரே அலைபரப்பில் பல கருவிகளுக்கான தரவைப் பங்கிட்டு அனுப்பும் வைஃபை 6, கருவிகள் பெருகிய வீட்டுக்கு இன்று போதும். 2024இல் சான்றளிப்பு தொடங்கிய வைஃபை 7, அதை ஏற்கும் கைபேசி இல்லாதவர்களுக்கு வீண்செலவு.

மென்பொருள் திருத்தங்களை எத்தனை ஆண்டுகள் தருவோம் என்று நிறுவனம் சொல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையில் 2017இல் ‘கிராக்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்தம் நின்றுபோன பழைய கருவிகள் அப்படியே விடப்பட்டன. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இல்லாத ரூட்டரை இனி வாங்குவதில் பொருளில்லை.

பழைய ரூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன், அதன் பின்புறமுள்ள ‘ரீசெட்’ துளையில் குண்டூசியை வைத்துப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கவும். வீட்டின் வைஃபை கடவுச்சொல் அதற்குள்தான் இருக்கிறது.