கால்கட்டு போட்டால் குடி நிற்காது

'ஸ்டெடியா இருக்கான்'

விடுதி அறையிலோ முதல் சம்பளத்திலோ கட்டிங்கில் தொடங்குவது, சில வருடங்களில் குவாட்டருக்கு வந்துவிடுகிறது. "எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா இருக்கான்" என்று நண்பர்கள் மெச்சுவார்கள். மருத்துவருக்கு அதுவே முதல் அறிகுறி. மூளை மதுவுக்குப் பழகிவிட்டதால்தான் அளவு ஏறுகிறது.

180 மி.லி. குவாட்டர் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள்: 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். ஒரே நேரத்தில் 60 கிராம் உள்ளே போனாலே அதை மிதமிஞ்சிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். "ஒரே ஒரு குவாட்டர்தான்" என்பவரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார். 'போதும், நிறுத்து' என்று தடுக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர 25 வயது வாக்கில் ஆகும். சீக்கிரம் தொடங்குகிறவர் சீக்கிரம் சிக்கிக்கொள்வது அதனால்தான்.

பூட்டி வைக்காதீர்கள்

சாமி படத்துக்கு முன் சத்தியம் வாங்கி, அறைக்குள் அடைத்துப் போடும் வீடுகள் உண்டு. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை; 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் தயமின் எனப்படும் பி1 ஊசியும், நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்துகளும் கொடுத்து, சில நாட்களில் சீரான நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

தெரியாமல் கலக்கும் மருந்து

'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி, குழம்பில் எதையாவது கலந்துவிடுகிறார்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்மையாகவே உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரும் போகலாம். முழு விவரம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து அது. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

கல்யாணத்தை மருந்தாக நினைப்பது இதைவிட மோசம். பையனுக்குக் குடி அப்படியே இருக்கும். கூடுதலாக ஒரு பெண்ணும் அதில் மாட்டிக்கொள்வாள்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போன் செய்ய, போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இயங்குகிறது. தனியார் மையம் என்றால் பதிவுச் சான்றைக் கேளுங்கள். 'அடித்துத் திருத்துவோம்' என்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகும் சிலர் மறுபடி குடிப்பார்கள். சர்க்கரை ஏறினால் மறுபடி மருத்துவரிடம் போகிறோமே, அப்படித்தான் இதற்கும். குடிக்கிற பிள்ளை சிகிச்சைக்கு வர மறுத்தால் அம்மாவோ அண்ணனோ மட்டும் முதலில் ஆலோசகரைப் பார்க்கலாம். எப்போது, எப்படிப் பேச்செடுப்பது என்று அவர் சொல்லித் தருவார்.