நம் எம்.பி. என்ன செய்தார்? ஓட்டை விடக் கேள்வியைப் பாருங்கள்

ஆரணியில் பட்டுத் தறி ஓட்டுபவரும், மாவட்டத்தில் மல்பெரி வைத்துப் புழு வளர்ப்பவரும் ஒரே எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய பட்ஜெட் இந்த இருவரையும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிறுத்தியது. இறக்குமதியாகும் கச்சாப் பட்டு, பட்டு நூல் மீதான சுங்க வரி 10 சதவீதத்தில் இருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. கூடு விற்பவருக்கு அது பாதுகாப்பு. நூல் வாங்குபவருக்கு அது கூடுதல் செலவு.

நம் எம்.பி. அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டாரா, எதிர்த்தாரா என்று தேடினால் உங்களுக்கு விடை கிடைக்காது. அந்த ஆண்டின் நிதி மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆதரிப்போர் 'ஆம்' என்றும், எதிர்ப்போர் 'இல்லை' என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று அவைத் தலைவர் அறிவிப்பார். யாருடைய பெயரும் ஏட்டில் ஏறாது.

விவசாயிகளைப் பாதித்த பெரிய சட்டங்கள் பலவும் இப்படித்தான் வந்தன. 2020-ன் மூன்று வேளாண் சட்டங்களில் இரண்டு, செப்டம்பர் 17 அன்று மக்களவையிலும், 20 அன்று மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. மாநிலங்களவையில் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டும் நடத்தப்படவில்லை. ஓராண்டுக்கும் மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் ரத்தானபோதும் அதே குரல் வாக்கெடுப்புதான், விவாதம்கூட இல்லை.

சென்னையிலும் இதே கதைதான். 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா சட்டப்பேரவையில் விவாதமின்றி நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்கு, ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழிசெய்யும் சட்டம் அது. ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? அன்று உங்கள் எம்.எல்.ஏ. எழுந்து ஆட்சேபித்தாரா, பேசாமல் இருந்தாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பெயரோடு வாக்கெடுப்பு நடப்பதும் உண்டு. 2013 ஆகஸ்ட் 29 அன்று நிலம் கையகப்படுத்தும் சட்டம் மக்களவையில் 216-க்கு 19 என்ற கணக்கில் நிறைவேறியது. இப்படி நடந்தால் யார் எந்தப் பக்கம் என்பது அவை நடவடிக்கையில் அச்சாகும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் பெயர்ப் பதிவு வந்தே தீரும். ஆனால் அப்போதும் அந்த ஓட்டு பெரும்பாலும் அவருடையது அல்ல, கட்சியுடையது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடுபவர் பதவியையே இழக்கலாம்.

2020 வேளாண் மசோதாக்களில் அ.தி.மு.க. நடந்துகொண்டதை நினைத்துப் பாருங்கள். மக்களவையில் அந்தக் கட்சி மசோதாக்களை ஆதரித்தது. மாநிலங்களவையில் அதே கட்சியின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியன் அவற்றைக் குறைகூறிப் பேசினார். ஓட்டு பதிவாகவில்லை, பேச்சு பதிவாகி இருக்கிறது. ஒரு உறுப்பினர் உண்மையில் என்ன நினைத்தார் என்பதை அந்தப் பேச்சில்தான் இன்றும் படிக்கலாம்.

ஆகவே ஒரு எம்.பி.யை எடைபோட ஓட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர் சொந்தமாகச் செய்யும் வேலைகள் இரண்டு: கேட்கும் கேள்வியும், பரிந்துரைக்கும் தொகுதி நிதியும்.

வருகைப் பதிவு இருக்கிறதே என்பீர்கள். 2005-ல் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, விவாதம், கேள்வி எண்ணிக்கையைத் தொகுத்து வெளியிடுகிறது. தேர்தல் நேரத்தில் பத்திரிகைகளில் வரும் பட்டியல்கள் பல அங்கிருந்து எடுத்தவைதான். பயனுள்ள வேலை. ஆனால் 'ஏக்கருக்கு 30 மூட்டை' என்று மட்டும் ஒருவர் சொன்னால் நாம் நம்பிவிடுவதில்லையே. என்ன ரகம், எந்தப் பட்டம், மூட்டை எத்தனை கிலோ என்று கேட்போம். வருகை சதவீதமும் அப்படித்தான். வருகையைப் பதிந்தால் அன்றைய படி 2,500 ரூபாய் உண்டு. பதிந்தவர் மாலை வரை அவையில் இருந்தாரா என்பது அதில் தெரியாது. அமைச்சர்கள் வருகையைப் பதிவதே இல்லை, கேள்வி கேட்பதும் இல்லை. அதனால் அவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடவும் கூடாது.

கேள்விக்கு வருவோம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தருவார்கள். நாளொன்றுக்கு ஒரு உறுப்பினர் ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம். குலுக்கலில் வந்தவை பட்டியலில் ஏறும். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரையோ, 'பட்டு' என்ற சொல்லையோ ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் கேள்வியும் பதிலும் அப்படியே வரும். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும் என்பது நமக்கு ஒரு தடை. வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை. விரிவாக்கப் பணியாளர்கள் கட்சி பேச வேண்டியதில்லை. தங்கள் பயிர் பற்றி அமைச்சர் எழுத்தில் தந்த பதிலை உழவர் கூட்டத்தில் படித்துச் சொன்னாலே போதும்.

தேடும்போது எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நூறு கேள்வி கேட்டவரின் பட்டியலில் உங்கள் பயிரும் உங்கள் ஊரும் இல்லாமல் போகலாம். பத்தே கேட்டவர் கச்சாப் பட்டு இறக்குமதி அளவைக் கேட்டு வாங்கியிருக்கலாம். சட்டமன்றத்தைப் பொறுத்தவரை பேரவை நடவடிக்கைகள் தமிழிலேயே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் இருந்து தமிழகத்தில் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறார்கள். வேளாண் மானியக் கோரிக்கை நாளில் உங்கள் எம்.எல்.ஏ. பேசினாரா, பேசியிருந்தால் தலைவரைப் புகழ்ந்தது போக எத்தனை வரி மிஞ்சியது என்று பாருங்கள்!

அடுத்தது பணம். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 25 கோடி என்று கணக்குப் போட்டு, '25 கோடி எங்கே போச்சு?' என்று சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். கொரோனாவால் 2020-21-ல் நிதி முழுவதும் நிறுத்தப்பட்டது. 2021-22-ல் 2 கோடி மட்டும் அறிவிக்கப்பட்டது. எனவே 2019 முதல் 2024 வரை ஆரணி எம்.பி.யாக இருந்த எம்.கே.விஷ்ணு பிரசாத்துக்கு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து வர வேண்டிய ஒதுக்கீடு 17 கோடிதான். 2024-ல் வென்ற எம்.எஸ்.தரணிவேந்தனுக்கு ஆண்டுக்கு 5 கோடி என்ற பழைய கணக்கு பொருந்தும்.

இந்தப் பணம் எம்.பி. கையில் வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தந்து வேலை செய்யும். பொதுவாகத் தனிநபருக்குப் பயன்படும் வேலைக்குத் தர முடியாது. பொது நெற்களம், சிறுபாலம், தடுப்பணை, இணைப்புச் சாலை போன்றவற்றைக் கேட்கலாம். ஆண்டு ஒதுக்கீட்டில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியலினத்தவர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். 2023 ஏப்ரல் முதல் 'இ-சாக்ஷி' என்ற இணையதளம் வழியே பரிந்துரை, ஒப்புதல், பணம் விடுவிப்பு எல்லாம் நடக்கின்றன. வேலை முடிந்த இடத்தில் செலவுத் தொகையோடு கல்வெட்டு இருக்க வேண்டும்.

செஞ்சி, மயிலம் விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரணி மக்களவைத் தொகுதியில் ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி ஆகியவை திருவண்ணாமலை மாவட்டம். உங்கள் இரண்டும் விழுப்புரம் மாவட்டம். இப்படி இரண்டு மாவட்டத்தில் விரியும் தொகுதியில் எம்.பி. ஒன்றை முதன்மை மாவட்டமாகத் தேர்ந்தெடுப்பார். நிதிக் கணக்கு அங்கே இருக்கும். முதலில் அது எந்த மாவட்டம் என்று கேட்டுக்கொண்டு, அங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். 'எங்கள் ஒன்றியத்தில் இந்த மூன்று ஆண்டில் பரிந்துரைத்த வேலை, ஒப்புதல் தேதி, செலவான தொகை, முடிந்த தேதி' என்று நான்கு விவரம் கேளுங்கள். பரிந்துரைத்த தேதிக்கும் முடிந்த தேதிக்கும் நடுவே இரண்டு ஆண்டு ஓடியிருந்தால், தாமதம் எம்.பி.யிடமா, அலுவலகத்திலா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தேர்தல் செலவுக் கணக்கும் பார்வைக்கு உண்டு. மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் என்பது 2022-ல் வைத்த உச்சவரம்பு. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்கைக் கொடுக்க வேண்டும். சிறு கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். ஊரில் நாம் கண்ட பந்தல், வாகனம், பிரியாணி எல்லாம் அந்தக் கணக்கில் எந்த விலைக்கு ஏறியிருக்கிறது என்று படிப்பது தனி அனுபவம். பிரிட்டனில் 2009-ல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு அம்பலமாகி அவைத் தலைவரே பதவி விலக நேர்ந்தது. அதன் பிறகு அங்கே அவர்கள் பணம் கேட்டு வாங்கும் செலவுகள் இணையத்தில் வெளியாகின்றன. நம் ஊரில் நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

கணக்குப் பார்ப்பது பாதி வேலை. மீதி, எம்.பி. கையில் நல்ல கேள்வியைக் கொடுப்பது. 'ஆரணிப் பகுதியில் பட்டு வளர்ப்பை மேம்படுத்த அரசு என்ன செய்கிறது?' என்று கேட்டால், 'பல்வேறு திட்டங்கள் செயல்பாட்டில் உள்ளன' என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: '2021-22 முதல் 2025-26 வரை 4,679.85 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்த சில்க் சமக்ரா-2 திட்டத்தில் தமிழகத்துக்கு ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு? அதில் திருவண்ணாமலை மாவட்டத்தில் புழு வளர்ப்பு மனை கட்டியவர்கள் எத்தனை பேர்? 15 சதவீத வரிக்குப் பிறகு கச்சாப் பட்டு இறக்குமதி ஆண்டுவாரியாக எவ்வளவு?' இந்தக் கடைசி வரி தறிக்காரருக்கும் வேண்டும், கூடு விற்பவருக்கும் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தே கையெழுத்திடலாம்.

மத்திய பட்டு வாரியத்தில் மக்களவை உறுப்பினர் நால்வர், மாநிலங்களவை உறுப்பினர் இருவர் இருக்கிறார்கள். நம் எம்.பி. அதில் இல்லை என்றால், இருப்பவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கேள்வியைக் குறைந்தது 15 நாளுக்கு முன் அவையில் கொடுத்தாக வேண்டும் என்பதால், கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் கடிதம் எம்.பி. அலுவலகத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என ஆண்டுக்கு மூன்று தொடர். கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.