ஒன்றேகால் அங்குலப் பட்டையில் நிற்கும் வீடு

1992 ஆகஸ்ட் 24 அதிகாலையில் ‘ஆண்ட்ரூ’ புயல் அமெரிக்காவின் தெற்கு ஃப்ளோரிடாவில் கரையேறியது. மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் அன்று 1,176 மொபைல் வீடுகள் இருந்தன. காற்று அடங்கியபின் கணக்கெடுத்தார்கள். 1,167 வீடுகள் முற்றாக அழிந்திருந்தன. மிஞ்சியவை ஒன்பது.

இந்த வீடுகள் தொழிற்சாலையிலேயே கூரை, சுவர், சமையலறை எல்லாம் சேர்த்துக் கட்டப்படுகின்றன. அடியில் இரும்பு சேசிஸ் இருக்கும். அதில் சக்கரம் மாட்டி லாரியில் இழுத்து வருவார்கள். வந்து நின்ற இடத்திலேயே பெரும்பாலும் அவற்றின் ஆயுள் முடிந்துவிடும். விலை மலிவு என்பதால் ஓய்வூதியக்காரர்களும் குறைந்த வருமானக் குடும்பங்களும் இவற்றை வாங்குகிறார்கள். வீடு சொந்தம், அது நிற்கும் மனை வாடகை என்ற ஏற்பாடும் சகஜம்.

1976 ஜூன் 15 முதல் இவற்றைக் கட்டுவதற்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். தொழிற்சாலையில் சோதனை முடிந்த வீட்டின் வெளிச்சுவரில் ஒரு சிவப்புத் தகடு அறையப்படும். ஆனால் அந்த வீடு தொழிற்சாலை வாசலைத் தாண்டி ஏதோ ஓர் ஊர் மண்ணில் இறங்கும்போது, அதை எப்படி நிறுத்துவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. நிறுத்தும் வேலைக்கான மத்திய அரசின் மாதிரி விதிகள் 2007-இல்தான் வெளியாயின. இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒரு வீட்டின் பலம் சுவரோடு முடிகிறது என்று நினைத்தார்களோ என்னவோ!

வீட்டின் கீழே குனிந்து பார்த்தால் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் தெரியும். ஒன்று பாரத்தைச் சுமக்க. சேசிஸ் உத்திரங்களுக்கு அடியில் சில அடி இடைவெளியில் ஹாலோ பிளாக் கற்களைத் தூண்களாக அடுக்குகிறார்கள். பல இடங்களில் நடுவே சாந்துகூடக் கிடையாது. உச்சியில் ஒரு மூடுகல், மட்டம் சரிபார்க்க மர ஆப்பு. தூணின் உயரம் 36 அங்குலத்தைத் தாண்டினால் இரட்டை வரிசையாக, ஒன்றோடொன்று கோத்து அடுக்க வேண்டும். குளிர்ப் பிரதேசமென்றால், மண் உறையும் ஆழத்துக்கும் கீழே அடித்தளம் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் உறைந்த மண் பொங்கி வீட்டையே தூக்கிவிடும்.

ஆனால் இந்தத் தூண்கள் வீட்டைத் தாங்குமே தவிர, பிடித்து வைக்காது. பலத்த காற்று கூரைமேல் விரையும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே நேரம் பக்கச் சுவரைத் தள்ளுகிறது. எடை குறைந்த வீடு நழுவும், சாயும், உருளும். அதைத் தடுப்பது இரண்டாவது ஏற்பாடு. நுனியில் திருகுத் தகடு கொண்ட இரும்புக் கம்பிகளை, அதாவது நங்கூரங்களை, மண்ணுக்குள் திருகி இறக்கி, பந்தலுக்கு முளையடித்துக் கயிறு இழுப்பதுபோல, அவற்றிலிருந்து எஃகுப் பட்டைகளைச் சேசிஸுக்கு இழுத்து முறுக்குகிறார்கள். பட்டையின் அகலம் ஒன்றேகால் அங்குலம். தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நங்கூரமும் பட்டையும் 3,150 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,430 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். அதற்கு மேல் பாதியளவு கூடுதல் இழுவை வந்தாலும் அறுந்துவிடக் கூடாது.

காகிதத்தில் கணக்கு சரிதான். மண்தான் ஒத்துழைப்பதில்லை. பட்டை சாய்வாக இழுக்கும்போது நங்கூரக் கம்பி ஈர மண்ணைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும். அதற்காகவே கம்பியின் முன்னால் ஒரு தடுப்புத் தகட்டை அடிக்கச் சொல்கிறார்கள். களிமண்ணில் நிற்கும் நங்கூரம் தளர்ந்த மணலில் நிற்காது. எனவே மண்ணை முதலில் சோதிக்க வேண்டும். ஆண்டுகள் போகப்போக வீடு சற்று அமிழ, பட்டை தொய்கிறது. தரையைத் தொடும் இடத்தில் துரு அரிக்கிறது. சுற்றிலும் அலங்காரத் தடுப்பு அடித்து மூடியிருப்பதால் உள்ளே தவழ்ந்துபோய்ப் பார்ப்பவர் யாருமில்லை.

ஆண்ட்ரூவுக்குப் பின் விதிகள் இறுகின. 1994 ஜூலையிலிருந்து, கடலோரப் பகுதிகளுக்குப் போகும் வீடுகள் இடத்தைப் பொறுத்து மணிக்கு 160 அல்லது 177 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். 2004 ஆகஸ்டில் ‘சார்லி’ புயல் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் புன்டா கோர்டா பக்கம் புகுந்தபோது பலன் தெரிந்தது. புதிய விதிப்படி கட்டிய வீடுகள் பழையவற்றைவிட வெகு நன்றாக நின்றன. அவற்றுக்குச் சேதம் வந்த வழி வேறு: பின்னாளில் ஒட்டவைத்த கார் கொட்டகைகள் பிய்ந்துபோகையில் வீட்டின் கூரையையும் சுவரையும் சேர்த்தே கிழித்துப் போயின.

டார்னடோ எனும் சுழற்காற்றோ இன்னொரு கதை. 2019 மார்ச் 3-ஆம் தேதி அலபாமா மாநிலத்தின் லீ கவுண்டியில் அது 23 பேரைக் கொன்றது. அவர்களில் 19 பேர் இத்தகைய வீடுகளில் இருந்தவர்கள். பிறகு அங்கே ஆய்வு செய்த பொறியாளர்கள் துருவேறிய பட்டைகளையும் நங்கூரக் குறைபாடுகளையும் கண்டார்கள். அமெரிக்க வீடுகளில் இவற்றின் பங்கு சுமார் ஆறு சதவீதம்தான். ஆனால் 1996 முதல் வீட்டுக்குள் இருந்தபடி டார்னடோவுக்குப் பலியானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இவற்றில் வசித்தவர்களே.

நிரந்தர கான்கிரீட் அடித்தளம் போடலாமே என்று கேட்கலாம். போடலாம், பணமும் சொந்த மனையும் இருந்தால். அடித்தளம் கடனையும் தீர்மானிக்கிறது: நிரந்தர அடித்தளத்தில் பதித்து, நிலத்தோடு அசையாச் சொத்தாகப் பதிவான வீட்டுக்கு வழக்கமான வீட்டுக்கடன் கிடைக்கும். அப்படியில்லாத வீடு கார்போல அசையும் சொத்து. அதற்கான கடனில் வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. வாடகை மனையில் இருப்பவர் அடுத்தவர் நிலத்தில் கான்கிரீட் கொட்ட முன்வருவாரா?

ஃப்ளோரிடா அரசு, புயல் சேதத்தைக் குறைக்கும் திட்டத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கைப் பழைய மொபைல் வீடுகளுக்குக் கூடுதல் நங்கூரம் போடச் செலவிடுகிறது. உருப்படியான வேலை. ஆனால் டார்னடோ எச்சரிக்கை வந்தால், எத்தனை பட்டை கட்டியிருந்தாலும் அந்த வீட்டை விட்டு வெளியேறி உறுதியான கட்டடத்துக்குப் போகும்படிதான் அமெரிக்க வானிலைத் துறை சொல்கிறது. அப்படி ஒரு கட்டடத்தைக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கட்டும் செலவு மனை உரிமையாளருடையதா, அரசினுடையதா என்ற கேள்வி பல மாநிலங்களில் இன்னும் தீரவில்லை.